மின்சாரக் கார் லீஸ்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

அமெரிக்காவில் வேலைக்குப் போய்வர மின்சாரக் கார் லீஸ் எடுப்பது (சில வருடம் மாதத் தவணை கட்டி ஓட்டிவிட்டுத் திருப்பித் தருவது) பற்றி வந்த கேள்விகள்தான் இந்த இதழ் முழுக்க. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டோம். கணக்குகளில் வரும் விலைகள் உதாரணத்துக்கு மட்டும். கணக்கு போடும் முறை எந்தக் காருக்கும் மாறாது.

கேள்வி: என்னோடு வேலை செய்பவர் 2024-ல் ஒரு மின்சாரக் காரை மாதம் 250 டாலருக்கு லீஸ் எடுத்தார். அதே காருக்கு இப்போது என்னிடம் 480 சொல்கிறார்கள். டீலர் ஏமாற்றுகிறாரா?
*– ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா*

பெரும்பகுதி வித்தியாசத்துக்கு டீலர் காரணமில்லை. அப்போது லீஸ் காருக்கு மத்திய அரசின் 7,500 டாலர் வரிச்சலுகை இருந்தது. அது கார் ஓட்டுபவருக்கு வராது; காரின் சட்டப்படியான உரிமையாளரான லீஸ் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் அதை விலையில் கழித்துக் கொடுத்தார்கள். 7,500-ஐ 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 208 டாலர். சொந்தமாக வாங்குபவருக்கு இருந்த வருமான வரம்பும், வட அமெரிக்காவில் தயாரான காராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் லீஸுக்குக் கிடையாது. கொரிய, ஜெர்மன் கார்களை எல்லாரும் லீஸிலேயே எடுத்த காரணம் இதுதான்.

2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் அந்தச் சலுகையை 2025 செப்டம்பர் 30-ஓடு முடித்துவிட்டது. இப்போது விளம்பரங்களில் ‘லீஸ் கேஷ்’ என்று வருவது கார் தயாரிப்பாளர் தன் கையிலிருந்து போடும் தள்ளுபடி. மாதத்துக்கு மாதம் மாறும், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நண்பர் 2024-ல் என்ன கட்டினார் என்பதைக் காட்டி டீலரிடம் வாதாடிப் பயனில்லை. இந்த மாதம் உங்கள் ஜிப் கோடுக்கு லீஸ் கேஷ் எவ்வளவு என்று கேளுங்கள். அது முழுதாக உங்கள் கணக்கில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். 480-ல் டீலர் கை வைத்திருந்தால் அங்கேதான் தெரியும்.

கேள்வி: மணி ஃபேக்டர், ரெசிடுவல் என்று ஏதேதோ சொல்கிறார்கள். மாதத் தவணை எப்படி வருகிறது என்று ஒருமுறை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள்.
*– சான் ரமோன், கலிஃபோர்னியா; இன்னும் பலர்*

போட்டுவிடுவோம். இது புரிந்துவிட்டால் டீலர் மேசையில் பாதி வேலை முடிந்தது.

ஸ்டிக்கர் விலை, அதாவது எம்.எஸ்.ஆர்.பி., 45,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பேசிக் குறைத்த விலை 42,500. தயாரிப்பாளரின் லீஸ் கேஷ் 4,000 கழித்தால் 38,500. லீஸ் நிறுவனம் கணக்கு தொடங்க வாங்கும் அக்விசிஷன் கட்டணம் 700. அதையும் இதிலேயே சேர்த்தால் 39,200. உங்கள் லீஸ் இந்தத் தொகைக்குத்தான்.

மூன்று வருடம் கழித்துக் காரின் மதிப்பு இவ்வளவு இருக்கும் என்று லீஸ் நிறுவனம் முன்கூட்டியே எழுதி வைப்பது ரெசிடுவல். இது எப்போதும் ஸ்டிக்கர் விலையின் சதவீதம். நீங்கள் பேசிய விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 56 சதவீதம் என்றால் 25,200 டாலர். டீலர் இதை மாற்ற முடியாது, நீங்களும் பேரம் பேச முடியாது.

39,200-ல் 25,200 போக மீதி 14,000. இது மூன்று வருடத்தில் கார் இழக்கும் மதிப்பு. 36-ஆல் வகுத்தால் மாதம் 388.89.

அடுத்து வட்டி. அதன் இடத்தில் இருப்பதுதான் மணி ஃபேக்டர். அது 0.00150 என்றால், 39,200-ஐயும் 25,200-ஐயும் கூட்டி (64,400) அதனால் பெருக்க வேண்டும்: மாதம் 96.60. ஏன் கூட்ட வேண்டும் என்று பலர் குழம்புகிறார்கள். லீஸ் தொடங்கும்போது நிலுவை 39,200, முடியும்போது 25,200. சராசரி நிலுவை இரண்டின் கூட்டுத்தொகையில் பாதி. அந்தப் பாதியையும் வருடத்தின் 12 மாதத்தையும் மணி ஃபேக்டருக்குள்ளேயே அடக்கிவிட்டார்கள். அதனால்தான் மணி ஃபேக்டரை 2,400-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய ஆண்டு வட்டி வருகிறது, இங்கே 3.6 சதவீதம்.

388.89-உம் 96.60-உம் சேர்ந்து 485.49. கலிஃபோர்னியாவில் விற்பனை வரி மாதத் தவணை மேல் விழும். உங்கள் ஊரில் 9.25 சதவீதம் என்றால் மாதம் 530.40. லீஸ் கேஷ் 4,000-க்கும் இங்கே வரி உண்டு. அந்த 370 டாலர் முதல் நாளே கேட்கப்படும். ‘சும்மா கொடுத்த தள்ளுபடிக்கு வரியா’ என்று டீலரிடம் கோபப்படாதீர்கள், அது மாநிலத்துக்குப் போகிறது.

டீலர் சம்பாதிக்கும் இடம் இரண்டு. ஒன்று, விற்பனை விலை. இன்னொன்று, மணி ஃபேக்டர். லீஸ் நிறுவனம் 0.00150-க்குத் தந்ததை டீலர் 0.00190 ஆக்கி உங்களிடம் காட்டலாம்; பல நிறுவனங்கள் அதை அனுமதிக்கின்றன. நாலாவது தசம இடத்தில் நடக்கிற மாற்றம் கண்ணில் படாது. ஆனால் 64,400-ஐ 0.0004-ஆல் பெருக்கினால் மாதம் 25.76, மூன்று வருடத்துக்கு 927 டாலர், வரி தனி. அடிப்படை மணி ஃபேக்டர் எவ்வளவு என்பதை டீலரிடம் போகும் முன்பே தெரிந்துகொள்ளலாம். எட்மண்ட்ஸ் என்ற கார் விலைத் தளத்தில் மாடல், காலம், மைல், ஜிப் கோடு கொடுத்துக் கேட்டால் அந்த மாதத்து மணி ஃபேக்டரும் ரெசிடுவலும் சொல்கிறார்கள்.

கேள்வி: சனிக்கிழமை காலை போனோம், மாலைதான் விட்டார்கள். ‘மாதம் எவ்வளவு கட்ட முடியும்?’ என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். டீலரிடம் எப்படிப் பேசுவது?
*– ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்*

அந்தக் கேள்விக்கு ஒரு எண்ணைச் சொல்லாதீர்கள். 500 என்று சொன்னீர்களானால் 500 வரும்படி எல்லாவற்றையும் அமைத்துத் தருவார்கள்: 36 மாதம் 39 ஆகும், 12,000 மைல் 7,500 ஆகும், முதல் நாள் கட்ட வேண்டியது 4,000 ஆகும். நீங்கள் கேட்ட தவணை கிடைத்துவிட்டது, அவர்களுக்கு விலையும் குறையவில்லை.

நேரில் போவது டெஸ்ட் டிரைவுக்கு மட்டும் இருக்கட்டும். பேரம் மின்னஞ்சலில். ஐம்பது, அறுபது மைல் சுற்றளவில் நாலைந்து டீலர்களின் இன்டர்நெட் சேல்ஸ் அல்லது ஃப்ளீட் மேனேஜருக்கு ஒரே கடிதம் அனுப்புங்கள். அவர்கள் தளத்தில் இருக்கும் குறிப்பிட்ட காரின் ஸ்டாக் நம்பரைப் போடுங்கள்; ‘இந்த மாடல்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கேட்க வேண்டியவை: ஸ்டிக்கர் விலை, எல்லாத் தள்ளுபடிக்கும் முன் டீலரின் விற்பனை விலை, லீஸ் கேஷ் தனியாக, ரெசிடுவல் சதவீதம், மணி ஃபேக்டர், அக்விசிஷன் கட்டணம், டாக் கட்டணம் (டீலர் காகித வேலைக்கு வாங்குவது), டீலர் பூட்டிய கூடுதல் சாமான்களும் அவற்றின் விலையும், முதல் நாள் மொத்தம் எவ்வளவு, அதில் என்னென்ன அடக்கம். 36 மாதம், இத்தனை மைல், டவுன் பேமென்ட் பூஜ்ஜியம் என்று நீங்களே நிர்ணயித்துவிடுங்கள். அப்போதுதான் நாலு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

இரண்டு பேர் ஒழுங்காகப் பதில் போடுவார்கள். ஒருவர் ‘நேரில் வாருங்கள், நல்ல விலை தருகிறோம்’ என்பார். அவரை விட்டுவிடலாம். விற்பனை விலையில் ஆயிரம் டாலர் குறைந்தால் தவணையில் சுமார் 29 டாலர் குறையும். ‘மேனேஜரிடம் பேசி மாதம் பத்து டாலர் குறைத்துவிட்டேன்’ என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அவர் விட்டுக்கொடுத்தது ஏறக்குறைய 350 டாலர்தான் என்று உடனே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கூடுதல் சாமான் என்பது டயரில் நைட்ரஜன், கதவு ஓரப் பட்டை, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், திருட்டைக் கண்டுபிடிக்கும் கருவி, பெயின்ட் பூச்சு வகையறா. ‘ஏற்கெனவே பூட்டியாயிற்று, எடுக்க முடியாது’ என்பார்கள். பூட்டியதைக் கழற்றச் சொல்ல வேண்டாம், விலையைக் கழிக்கச் சொல்லுங்கள். மூன்று வருடத்தில் திருப்பித் தரப்போகிற காருக்கு 1,200 டாலர் பெயின்ட் பூச்சு அடுத்த உரிமையாளருக்கு நீங்கள் தரும் சீர்வரிசை.

உங்கள் மாநிலம் டெக்சஸ் என்பதால் இன்னொன்று: அங்கே லீஸுக்கும் காரின் முழு விலைக்கு 6.25 சதவீத வரி. கலிஃபோர்னியா உறவினர் சொல்லும் தவணையோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். சில லீஸ் நிறுவனங்கள் தங்களிடம் சேர்ந்திருக்கும் வரிக் கழிவை வாடிக்கையாளருக்குக் கொடுக்கின்றன. ‘டாக்ஸ் கிரெடிட் உண்டா’ என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். மின்சாரக் காருக்கு ஆண்டுக்கு 200 டாலர் கூடுதல் பதிவுக் கட்டணம் உண்டு, புதுக் காருக்கு இரண்டு வருடத்துக்குச் சேர்த்து 400.

கேள்வி: கையெழுத்துப் போடும் மேசையில் எதைப் பார்க்க வேண்டும்? அங்கே மணி ஃபேக்டர் எங்கும் எழுதியிருக்கவில்லையே.
*– சான் ஹோசே, கலிஃபோர்னியா*

எழுத மாட்டார்கள், சட்டம் அதைக் கேட்கவில்லை. ஆனால் லீஸ் ஒப்பந்தத்தில் ஒரு கட்டம் இருந்தே தீர வேண்டும் என்று மத்திய அரசின் ‘ரெகுலேஷன் எம்’ சொல்கிறது. அட்ஜஸ்டட் கேப்பிடலைஸ்டு காஸ்ட் (நம் உதாரணத்தின் 39,200), ரெசிடுவல், டிப்ரீசியேஷன் (மதிப்பு இழப்பு), ரென்ட் சார்ஜ் (மொத்த வட்டி), அடிப்படைத் தவணை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அந்தக் கட்டத்தில் இருக்கும். ரென்ட் சார்ஜ் தொகையை மாதங்களால் வகுத்து, அட்ஜஸ்டட் காஸ்ட்டும் ரெசிடுவலும் சேர்ந்த தொகையால் மறுபடி வகுத்தால் மணி ஃபேக்டர் வெளியே வந்துவிடும். நம் உதாரணத்தில் ரென்ட் சார்ஜ் 3,477.60 என்று இருக்க வேண்டும். 36-ஆல் வகுத்தால் 96.60, அதை 64,400-ஆல் வகுத்தால் 0.0015. கட்டத்தில் 4,404.96 என்று இருந்தால் யாரோ 0.0019 ஆக்கிவிட்டார்கள். மின்னஞ்சலில் வந்த பதிலைத் திறந்து காட்டினால் போதும், சண்டை தேவையில்லை.

ஃபைனான்ஸ் அறையில் உட்காருபவரும் விற்பனையாளர்தான் என்பது நினைவிருக்கட்டும். அங்கே விற்பதில் பெரும்பாலானவை லீஸுக்கு வேண்டாதவை. பொதுவான வாரன்டி பல கார்களுக்கு 3 வருடம் 36,000 மைல் அல்லது அதற்கு மேல். பேட்டரிக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 8 வருடம் ஒரு லட்சம் மைல் தருகிறார்கள். 36 மாத லீஸுக்கு எக்ஸ்டெண்டட் வாரன்டி எதற்கு? கேப் காப்பீடு, அதாவது கார் முழுதும் நொறுங்கினால் இன்ஷூரன்ஸ் தரும் தொகைக்கும் லீஸ் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை நிரப்புவது, பல நிறுவனங்களின் லீஸில் இலவசமாகவே அடக்கம். ஒப்பந்தத்தில் ‘கேப்’ என்ற சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் வாங்குங்கள். டயர், வீல் பாதுகாப்பு ஒன்றை மட்டும் யோசிக்கலாம். மின்சாரக் கார் கனம் அதிகம், 20, 21 அங்குல வீலில் டயரின் பக்கச் சுவர் மெலிசு. ஒரு பள்ளம் போதும்.

கலிஃபோர்னியாவில் டாக் கட்டணம் 85 டாலருக்கு மேல் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் இது வேறு. சில இடங்களில் ஆயிரத்தைத் தொடும். வரம்பில்லாத மாநிலத்தில் இருப்பவர்கள் டாக் கட்டணத்தையும் விற்பனை விலையோடு சேர்த்தே ஒப்பிடுங்கள்.

மூன்று நாளில் திருப்பித் தரலாம் என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். புதுக் காரை வாங்கினாலும் லீஸ் எடுத்தாலும் அப்படி ஒரு உரிமை கலிஃபோர்னியாவில் இல்லை. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

கேள்வி: கையில் 5,000 டாலர் இருக்கிறது. டவுன் பேமென்ட் கட்டித் தவணையைக் குறைக்கலாமா?
*– கேரி, வட கரோலினா*

வேண்டாம். இரண்டாம் மாதமே கார் விபத்தில் நொறுங்கினால் இன்ஷூரன்ஸ் பணம் லீஸ் நிறுவனத்துக்குப் போகும். நீங்கள் முன்பணமாகக் கட்டிய 5,000 திரும்பி வராது. வட்டியில் மிச்சமாவது சொற்பம். அதே பணத்தை வங்கியில் போட்டு மாதாமாதம் எடுத்துக் கட்டினாலும் தவணை குறைந்த மாதிரிதான். சில நிறுவனங்கள் திருப்பித் தரும் செக்யூரிட்டி டெபாசிட்டை வாங்கிக்கொண்டு மணி ஃபேக்டரைக் குறைக்கின்றன. அது கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அது உங்கள் பணமாகவே இருக்கிறது.

கேள்வி: வேலைக்குப் போகவர 76 மைல். 10,000 மைல் லீஸ்தான் விளம்பரத்தில் மலிவாக இருக்கிறது. மீறினால் பிறகு கட்டிக்கொள்ளலாமா?
*– டிரேசி, கலிஃபோர்னியா*

வாரம் எத்தனை நாள் அலுவலகம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று நாள் என்றால், விடுமுறை போக வருடம் 48 வாரத்துக்கு 10,944 மைல். ஐந்து நாள் என்றால் 18,240. கோயில், தமிழ்ப் பள்ளி, காய்கறிக் கடை, விமான நிலையம் எல்லாம் இதற்கு மேல்.

மூன்று நாள் கணக்கையே எடுத்துக்கொண்டு வருடம் 15,000 மைல் ஓடுவீர்கள் என்று வைப்போம். 10,000 கிடக்கட்டும், 12,000 மைல் லீஸ் எடுத்தாலே மூன்று வருடத்தில் 9,000 மைல் அதிகம். மைலுக்கு 25 சென்ட் என்றால் கடைசியில் 2,250 டாலர் பில். அதற்குப் பதில் முதலிலேயே 15,000 மைல் என்று எழுதினால் ரெசிடுவல் வழக்கமாக ஒன்றிரண்டு சதவீதப் புள்ளி இறங்கும். 45,000 டாலர் காரில் அது 450 முதல் 900 டாலர். முதலிலேயே எழுதுவதுதான் மலிவு. அதே சமயம் ஓடாத மைலுக்குப் பணம் திரும்பாது, ஆகவே பயந்துபோய் 18,000 எழுதவும் வேண்டாம். வாரம் ஐந்து நாளும் டிரேசியிலிருந்து சிலிக்கான் வேலிக்குப் போகிறவர்கள் லீஸை மறந்துவிட்டு, லீஸ் முடிந்து வந்த மூன்று வயது மின்சாரக் காரைச் சொந்தமாக வாங்குவதைப் பரிசீலிக்கலாம். மின்சாரக் கார் முதல் மூன்று வருடத்தில்தான் பலமாக விலை இறங்குகிறது.

கேள்வி: கார்பூல் லேனில் (பலர் சேர்ந்து போகும் கார்களுக்கான தடம்) மின்சாரக் காரில் தனியாகப் போக ஸ்டிக்கர் இப்போதும் தருகிறார்களா?
*– டப்ளின், கலிஃபோர்னியா*

இல்லை. அந்தத் திட்டம் 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்தது. பழைய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் காருக்கும் செல்லாது. ஸ்டிக்கரைச் சொல்லி விற்கும் டீலரிடம் வேறு என்ன சொன்னார் என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: அபார்ட்மென்டில் இருக்கிறோம். கார் நிறுத்துமிடத்தில் சாதாரண பிளக் ஒன்று உண்டு. போதுமா?
*– சன்னிவேல், கலிஃபோர்னியா*

சாதாரண 120 வோல்ட் பிளக்கில் 12 ஆம்பியர் எடுத்தால் 1.44 கிலோவாட். இரவு பத்து மணி நேரத்தில் 14 யூனிட் எடுக்கும். வீணாவது போக பேட்டரியில் சேருவது சுமார் 12 யூனிட், அதாவது 40 மைல் சொச்சம். போகவர 30 மைல் என்றால் தாராளமாகப் போதும். 76 மைல் என்றால் திங்கள் முதல் வெள்ளிவரை பேட்டரி இறங்கிக்கொண்டே வரும். வாரக் கடைசியில் வேகச் சார்ஜருக்கு ஓட வேண்டும். பல இடங்களில் அங்கே யூனிட் 50, 60 சென்ட்; பெட்ரோல் காரைவிட மிச்சம் என்ற கணக்கு அங்கே ஆட்டம் காணும்.

வேறு வீட்டுக்கான சலவை இயந்திரமும் அதே சர்க்யூட்டில் இருந்தால் பிரேக்கர் விழும். முதலில் அந்தப் பிளக் எந்தப் பிரேக்கரில் இருக்கிறது, அதில் வேறு என்ன ஓடுகிறது என்று மேனேஜரிடம் கேளுங்கள். பழைய, தளர்ந்த பிளக்கில் மணிக்கணக்காக 12 ஆம்பியர் ஓடினால் சூடேறி உருகும். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

கலிஃபோர்னியா சிவில் கோட் 1947.6-ன்படி, வாடகைதாரர் தன் செலவில் தன் நிறுத்துமிடத்தில் சார்ஜர் வைக்க எழுத்தில் கேட்டால், வீட்டுக்காரர் அனுமதிக்க வேண்டும். வேலைச் செலவு, மின்சாரம், இன்ஷூரன்ஸ் எல்லாம் உங்கள் தலையில். சிறிய கட்டிடங்கள் போன்ற விலக்குகளும் உண்டு. வாய்மொழியாகக் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்றே வருடம் ஓடிவிடும். கடிதம் கொடுங்கள்.

சொந்த வீட்டுக்காரர்கள் 240 வோல்ட் போடும்போது ஒரு எச்சரிக்கை. சமையல் அடுப்புக்கு விற்கும் மலிவான 14-50 (240 வோல்ட், 50 ஆம்பியர்) சாக்கெட்டைக் கார் சார்ஜருக்குப் போடாதீர்கள். அடுப்பு விட்டுவிட்டு எரியும். கார் ஆறேழு மணி நேரம் விடாமல் 40 ஆம்பியர் இழுக்கும். திருகு சரியாக இறுகாத இடத்தில்தான் கரிகிறது. சாக்கெட்டே இல்லாமல் நேராக வயரில் இணைப்பது நல்லது. தொடர் சுமைக்கு பிரேக்கரின் 80 சதவீதம்தான் கணக்கு: 60 ஆம்பியர் பிரேக்கரில் 48, 50 ஆம்பியரில் 40. தினமும் 76 மைலுக்கு 32 ஆம்பியரே ஏராளம். நாலு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். இதற்காக மெயின் பேனலை மாற்றச் சொல்லும் எலக்ட்ரீஷியனிடம் இன்னொருவர் கருத்தையும் கேட்கலாம்.

பி.ஜி.&இ. (கலிஃபோர்னியா மின் நிறுவனம்) வாடிக்கையாளர்கள் இ.வி.2-ஏ என்ற மின்கட்டணத் திட்டத்துக்கு மாறினால் நள்ளிரவு 12 முதல் மதியம் 3 வரை குறைந்த விலை. மாலை 4 முதல் 9 வரை அதே திட்டத்தில் மிக அதிகம். ஏசியும் சமையலும் அந்த நேரத்தில்தான் என்றால் மாறும் முன் போன வருட பில்லை வைத்துப் பாருங்கள்.

கேள்வி: எச்1பி விசாவில் வந்து எட்டு மாதம் ஆகிறது. ஐ-94 (இங்கே தங்கும் அனுமதி) இன்னும் 20 மாதத்துக்குத்தான். 36 மாத லீஸ் தருவார்களா? இடையில் வேலை போனால் என்ன ஆகும்?
*– எடிசன், நியூ ஜெர்சி*

தருபவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. முடிவு டீலர் கையில் இல்லை, லீஸ் நிறுவனத்தின் கையில். சில நிறுவனங்கள் ஐ-797 (எச்1பி ஒப்புதல் தாள்) நகல் கேட்கும், விசா முடியும் தேதிக்குள் லீஸ் முடிய வேண்டும் என்று சொல்லும், அல்லது கடன் வரலாறு குறைவு என்று கீழ் அடுக்கு மணி ஃபேக்டர் போடும். நல்ல மணி ஃபேக்டருக்குப் பொதுவாக 720, 740-க்கு மேல் கிரெடிட் ஸ்கோர் வேண்டும். எட்டு மாதத்தில் ஒரே கிரெடிட் கார்டு என்றால் ஸ்கோர் நன்றாக இருந்தாலும் கோப்பு மெலிதாகத் தெரியும். டீலர் ஒரே நேரத்தில் பல வங்கிகளுக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிடுவார். ‘தயாரிப்பாளரின் சொந்த நிதி நிறுவனத்துக்கு மட்டும் அனுப்புங்கள்’ என்று முதலிலேயே எழுதிச் சொல்லுங்கள். ஒப்புதல் வந்த பிறகே காரை எடுங்கள். வராத ஒப்புதலை நம்பிக் காரைக் கொண்டுபோனால், ஒரு வாரம் கழித்து ‘நிதி நிறுவனம் மறுத்துவிட்டது, புதுத் தவணைக்குக் கையெழுத்துப் போடுங்கள்’ என்று கூப்பிடுவார்கள். அதற்குள் நீங்கள் மாற்றுக்குக் கொடுத்த பழைய காரை அவர்கள் விற்றிருப்பார்கள்.

வேலை போனால் உங்களுக்குக் கிடைப்பது 60 நாள் வரை. அந்த அவகாசத்தில் லீஸிலிருந்து வெளியேற மூன்று வழி. முதலாவது, இன்னொருவருக்கு லீஸை மாற்றுவது. சில நிறுவனங்கள் அனுமதிக்கும், சில அனுமதிக்கவே அனுமதிக்காது, சிலவற்றில் மாற்றிய பிறகும் உங்கள் பொறுப்பு தொடரும். இரண்டாவது, காரை வாங்கி விற்பது. இங்கேதான் மின்சாரக் கார் மாட்டிவிடும்: சந்தை விலை ரெசிடுவலைவிட வேகமாக இறங்கிவிடுகிறது, 36,000 டாலர் கட்டி மீட்ட காரை 28,000-க்கு விற்க வேண்டியிருக்கும். மூன்றாவது, காரைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிப்பது. மீதித் தவணைகளுக்கு நெருக்கமான தொகையும் அபராதமும் கட்ட வேண்டி வரும். கட்டாமல் ஊருக்குப் போனால் கிரெடிட் வரலாறு கெட்டுப்போகும், திரும்பி வரும்போது அது காத்திருக்கும்.

ஆகவே உங்கள் நிலையில் 24 மாத லீஸ் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 36 மாதம்தான் கிடைக்கும் என்றால், லீஸ் மாற்றத்தை அனுமதிக்கும் நிறுவனமா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். பத்து டாலர் தவணை கூடினாலும் பரவாயில்லை.

நியூ ஜெர்சி என்பதால்: மின்சாரக் காருக்கு இருந்த விற்பனை வரி விலக்கு 2025 ஜூலை 1 முதல் முழுதும் போய்விட்டது, இப்போது 6.625 சதவீதம். மின்சாரக் காருக்கான ஆண்டுக் கட்டணமும் 2024 ஜூலையில் 250 டாலரில் தொடங்கி ஆண்டுக்குப் பத்து டாலர் ஏறுகிறது. இதில் எத்தனை வருடத்துக்குரியதை முதல் நாளே வாங்குகிறார்கள் என்று டீலர் தரும் தாளில் பாருங்கள்.

கேள்வி: 260 மைல் ரேஞ்ச் என்று போட்டிருக்கிறது. எனக்குப் போகவர 110 மைல். குளிர்காலத்தில் தாங்குமா?
*– டிராய், மிச்சிகன்*

தினசரிக்கு 80 சதவீதம் வரைதான் ஏற்றுவீர்கள்: 208. கடுங்குளிரில் மூன்றில் ஒரு பங்கு போகும் என்று வையுங்கள்: 138 சொச்சம். 110 போக 28 மைல் கையிருப்பு. பனிப்புயலில் ஐ-75-ல் இரண்டு மணி நேரம் நின்றால் அந்தக் கையிருப்பு சங்கடமாக இருக்கும். குளிர் அலை வரும் நாட்களில் 100 வரை ஏற்றிக்கொள்ளலாம், அதனால் கெட்டுவிடாது.

ஹீட் பம்ப் (குறைந்த மின்சாரத்தில் காரைச் சூடாக்கும் கருவி) உள்ள மாடலா என்று பாருங்கள். ஒரே மாடலில் சில வகைக்கு இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. கிளம்பும் நேரத்தை ஆப்பில் போட்டு, பிளக்கில் இருக்கும்போதே காரைச் சூடாக்குங்கள். உங்களுக்கு 240 வோல்ட் சார்ஜர் கட்டாயம். உறைபனியில் 120 வோல்ட் பிளக்கின் மின்சாரத்தில் பெரும்பகுதி பேட்டரியைச் சூடாக்கவே போய்விடும். காலையில் ஏறியிருப்பது பத்து மைல்கூட இருக்காது.

கேள்வி: டெஸ்லாவில் பேரம் உண்டா?
*– சியாட்டில்*

இல்லை. டீலரும் இல்லை. தளத்தில் இருக்கும் விலைதான், ஆனால் அது அடிக்கடி மாறும். கையிருப்பில் உள்ள கார்களுக்கு, குறிப்பாகக் காலாண்டு முடிவில், தள்ளுபடி பார்க்கலாம். முன்பணமாக ஒரு தொகையைத் தளம் தானாகவே போட்டு வைத்திருக்கும்; அதைக் குறைத்துப் பார்த்தால்தான் உண்மையான தவணை தெரியும்.

கேள்வி: நாளை மறுநாள் டெலிவரி. என்னென்ன பார்க்க வேண்டும்?
*– இர்வைன், கலிஃபோர்னியா*

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் முன்: ஒப்பந்தத்தில் உள்ள வின் நம்பரும் (காரின் அடையாள எண்) கண்ணாடியில் உள்ள நம்பரும் ஒன்றுதானா, ஓடோமீட்டர் எவ்வளவு, சில நூறு மைல் ஓடியிருந்தால் அது டெஸ்ட் டிரைவ் கார், அதற்கு விலை குறைய வேண்டும், இரண்டு சாவி, சார்ஜிங் கேபிளும் அடாப்டரும் டிக்கியில் இருக்கின்றனவா. வீல்களின் விளிம்பைக் குனிந்து பாருங்கள்; சிராய்ப்பு இருந்தால் விற்பனையாளரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி, படமும் எடுங்கள். இன்ஷூரன்ஸில் லீஸ் நிறுவனத்தின் பெயர் ஏற வேண்டும். பெரும்பாலும் 100/300/50 அளவு (ஆயிரம் டாலரில்: ஒருவர் காயத்துக்கு, ஒரு விபத்தின் மொத்தக் காயத்துக்கு, பொருள் சேதத்துக்கு) கேட்பார்கள், உங்கள் பழைய பாலிசி அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

கேள்வி: லீஸ் அடுத்த மாதம் முடிகிறது. திருப்பித் தருவதா, வாங்குவதா? திருப்பினால் என்ன பிடிப்பார்கள்?
*– நேப்பர்வில், இல்லினாய்*

ரெசிடுவலோடு வரியும் வாங்கும் கட்டணமும் சேர்த்து, அதே வருடம், அதே மைல் உள்ள கார் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். மின்சாரக் காரில் பெரும்பாலும் சந்தை விலைதான் குறைவாக இருக்கும். அப்படியென்றால் திருப்பிவிடுங்கள், அந்த நஷ்டம் லீஸ் நிறுவனத்துடையது. காரின் மேல் ஆசை விடவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே மாடலை வெளியில் மலிவாக வாங்கலாம்.

திருப்பும் முன் இலவச முன்சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அவர்களே வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். அறிக்கையில் வரும் கீறல், பள்ளங்களை வெளியில் சரிசெய்ய நேரம் கிடைக்கும். அதிகம் மாட்டுவது டயர். கனமான காரில் டயர் சீக்கிரம் தேயும். பல நிறுவனங்கள் ஓரிடத்திலும் 4/32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கின்றன, நாலு டயரும் ஒரே அளவு, ஒரே தரமாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கும். கடைசி மாதத்தில் விலை உயர்ந்த டயர் போடாதீர்கள். ஒப்பந்தம் கேட்கும் தரத்தில் மலிவானது போதும். சார்ஜிங் கேபிளை வீட்டுச் சுவரிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் ஏராளம், அதற்குப் பில் நிச்சயம் வரும்.

காரைத் திருப்பித் தருவதற்கே டிஸ்போசிஷன் கட்டணம் என்று 300 முதல் 500 டாலர் வரை ஒப்பந்தத்தில் இருக்கும். அதே நிறுவனத்தில் அடுத்த லீஸ் எடுத்தால் பல இடங்களில் தள்ளுபடி செய்வார்கள். கொடுக்கும் அன்று ஓடோமீட்டர் எண்ணோடு காரை ஒப்படைத்த ரசீது வாங்காமல் டீலர் வாசலைத் தாண்டாதீர்கள். சுங்கச் சாலைக்கான ஐ-பாஸைக் கழற்றுங்கள், காரை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், போனில் இருக்கும் ஆப்பிலிருந்தும் காரை நீக்குங்கள். நீக்காவிட்டால் அடுத்து வாங்குபவர் தன் கணக்கை இணைக்க முடியாமல் டீலரிடம் போய் நிற்பார், கராஜ் கதவு ரிமோட்டும் வீட்டு முகவரியும் அதே காரில் இருக்கும்.